மாரிப் பிரயாணமும் கோடைப் பிரயாணமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. அவனது சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

   

இன்றைய உரையின் தலைப்பைக் கேட்டதும் ஹஜ்ஜைப் பற்றியோ உம்றாவைப் பற்றியோ பேசப் போகிறேன் என்று சிலர் எண்ணக்கூடும். இல்லை. பாடசாலை விடுமுறை நெருங்கும்போது நம் வீடுகளில் எழுகின்ற ஒரு சாதாரணக் கேள்வியைப் பற்றியே பேச விரும்புகிறேன். "வாப்பா கட்டாரில் இருக்கிறார். இந்த விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரச் சொல்கிறார். போகலாமா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். "நண்பனின் குடும்பம் டுபாய்க்குப் போய் வந்தது. நாங்கள் எப்போது போவோம்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இவற்றுக்கு மார்க்கத்தில் வழிகாட்டல் உண்டா? உண்டு. நம் சின்னஞ்சிறு பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவில் முதன்முதலாக மனனம் செய்கின்ற சூராக்களில் ஒன்றிலேயே அது இருக்கிறது.

சூறா குறைஷ். நான்கே வசனங்கள். மக்காவின் குறைஷிகள் மாரிகாலத்தில் ஒரு பிரயாணமும் கோடைகாலத்தில் ஒரு பிரயாணமும் மேற்கொண்டு வந்ததை அல்லாஹ் அதில் நினைவூட்டுகிறான். அவர்களுக்கு அப்பிரயாணங்களைப் பழக்கமாக்கிக் கொடுத்தவன், பசிக்கு உணவும் அச்சத்துக்குப் பகரமாக அபயமும் அளித்தவன் இந்த வீட்டின் இரட்சகனே. ஆகவே அவனையே வணங்குங்கள் என்பது அதன் சாரம். விரிவுரையாளர்கள் தரும் விளக்கத்தைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். மாரியில் அவர்கள் தெற்கே யமனுக்குப் போனார்கள். அது வெப்பமான திசை. கோடையில் வடக்கே ஷாம் தேசத்துக்குப் போனார்கள். அது குளிர்ச்சியான திசை. வெப்பமான நாட்டுக்குக் குளிர்காலத்தில் போ, குளிர்ந்த நாட்டுக்கு வெப்பகாலத்தில் போ என்பது பாலைவனத்தில் பிறந்து வளர்ந்த வியாபாரிகளின் ஞானம். இன்று குளிரூட்டப்பட்ட விமானத்தில் பறக்கின்ற நாமோ, வளைகுடா நாடுகள் அடுப்பாய்க் கொதிக்கின்ற ஆகஸ்ட் மாதத்தில் பச்சிளம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறோம்.

நேயர்களே! பிறரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. எனது குடும்பமே இத்தவறைச் செய்தது.

எனது வாப்பா கிளிநொச்சியில் சிறு வியாபாரியாக இருந்தவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. உம்மாவின் மடியில் கைக்குழந்தையாக நான் புத்தளம் வந்து சேர்ந்தேன். ஓலைக் கொட்டிலில் சில ஆண்டுகள் கழிந்தன. பிறகு வாப்பா சாரதியாகக் கட்டாருக்குப் போனார். வாப்பா என்றால் எங்களுக்கு மாதம் ஒருமுறை கேட்கும் தொலைபேசிக் குரல், இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை வந்திறங்கும் ஒரு பெரிய பெட்டி, அவ்வளவுதான்.

2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் எங்களை இரண்டு வாரங்களுக்குத் தோஹாவுக்கு அழைப்பித்தார். ஊருக்குப் போயிருந்த நண்பர் ஒருவரின் வீடு தங்குவதற்குக் கிடைத்தது. விமானச் சீட்டுக்கு உம்மாவின் காப்புகள் இரண்டும் அடகுக்குப் போயின. எங்கள் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, வாப்பாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்பது. அதிகாலையில் போவார், இஷாவுக்குப் பிறகு வருவார். பகல் முழுவதும் திரைச்சீலை மூடிய அறைக்குள் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு நாங்கள் கிடந்தோம். ஐந்தாம் நாள், கடலைப் பார்க்க வேண்டும் என்று ஒன்பது வயதுத் தங்கை அழுதாள். அன்று சற்று நேரத்தோடு வந்த வாப்பா, பிற்பகல் 3 மணிக்கே எங்களைக் கடற்கரை வீதிக்கு அழைத்துச் சென்றார். அரை மணி நேரம்தான். தங்கை வாந்தி எடுத்தாள், கண்கள் செருகின, உடம்பு கொதித்தது. அன்றிரவு முழுவதும் அவள் வைத்தியசாலையில் சேலைன் ஏற்றப்பட்ட நிலையில் கிடந்தாள். அல்லாஹ் காப்பாற்றினான்.

மறுநாள் விடிந்தபோது கட்டிலின் அருகில் தரையில் வாப்பா உறங்கிக்கொண்டிருந்தார். அவரது சட்டையின் முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கண்விழித்த தங்கை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வாப்பா, இனி நாங்க வரல்ல. நீங்க ஊருக்கு வாங்க" என்றாள். வாப்பா ஒன்றும் பேசவில்லை. உம்மாவின் காப்புகள் கடைசிவரை மீட்கப்படவும் இல்லை.

அந்தப் பயணத்தில் நாங்கள் செய்த பிழைகளை இன்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன். அவற்றையே உங்கள் முன் படிப்பினைகளாக வைக்கிறேன்.

முதலாவது, நிய்யத். எதற்காகப் போகிறோம்? கட்டடங்களின் முன்னால் நின்று படம் எடுத்து ஊராருக்குக் காட்டுவதற்கா? அல்லது பிரிந்திருக்கும் வாப்பாவும் பிள்ளைகளும் சில நாட்கள் ஒரே ஸஹனில் கைவைத்துச் சாப்பிடுவதற்கா? இரண்டாவதே நோக்கம் என்றால், வாப்பாவின் விடுமுறை உறுதியான பின்னரே விமானச் சீட்டு வாங்க வேண்டும். வாப்பா இல்லாத தோஹாவில் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? உன் குடும்பத்துக்கும் உன்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்குச் சொன்னதையும், நபி (ஸல்) அவர்கள் அதை உண்மைப்படுத்தியதையும் ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அந்த உரிமை பணத்தால் மட்டும் நிறைவேறுவதில்லை. நேரத்தாலும் நிறைவேற வேண்டும்.

இரண்டாவது, பருவம். தோஹாவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெப்பம் சாதாரணமாகவே 40 பாகை செல்சியஸைத் தாண்டும். ஆகஸ்டில் கடலின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்வதால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. குவைத்தின் மித்ரிபா என்னும் இடத்தில் 2016 ஜூலையில் ஏறத்தாழ 54 பாகை பதிவாகியது. ஆனால் அதே தோஹாவில் ஜனவரி மாதப் பகல் 22 பாகை அளவில்தான் இருக்கும். இரவில் பிள்ளைக்கு மேலாடை தேவைப்படும். ஆகவே டிசம்பர் விடுமுறையைத் தெரிவு செய்யுங்கள். நம் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புகால விடுமுறையும் உண்டு. இவ்வாண்டுகளில் றமழான் பெப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி வருவதால் பெருநாளை வாப்பாவோடு கொண்டாடவும் அது பொருத்தமானது. குறைஷிகளின் மாரிப் பிரயாணம் இதுவே!

மூன்றாவது, பணம். கடன் வாங்கி, நகையை அடகு வைத்து உல்லாசப் பயணம் போவது அறிவுடைமையாகாது. அடகுக் கடையில் வட்டியும் சேர்ந்துகொண்டால் அது பாவமும் ஆகும். வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்று சூறா பனீ இஸ்ராயீல் எச்சரிக்கிறது. ஒரு வருடத்துக்கு முன்பே திட்டமிட்டு மாதந்தோறும் சிறிது சிறிதாகச் சேமியுங்கள். விமானச் சீட்டு, வீசா, பயணக் காப்பீடு, தங்குமிடம், வைத்தியச் செலவுக்கான ஒதுக்கீடு என்று தனித்தனியே எழுதுங்கள். உறவினர் எல்லோருக்கும் அன்பளிப்பு வாங்கியே ஆகவேண்டும் என்ற பாரத்தை வாப்பாவின் தலையில் ஏற்றாதீர்கள். வீசா வழங்கும் நிபந்தனைகள் அடிக்கடி மாறுகின்றன. குறைந்த சம்பளத்தில் உள்ள தொழிலாளர்கள் குடும்பத்தை அழைப்பதில் கட்டுப்பாடுகளும் உள்ளன. ஆகவே முகவரின் வாய்ச்சொல்லை நம்பி முற்பணம் கொடுக்காமல், அந்நாட்டு அரசின் அறிவித்தலையே பாருங்கள்.

நான்காவது, பகலைப் பங்கிடுதல். தவிர்க்க முடியாமல் கோடையில்தான் போக நேர்ந்தால், சூரியனோடு போட்டியிடாதீர்கள். ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின்னர் வெளியே போங்கள். காலை 9 மணிக்குள் திரும்பிவிடுங்கள். பகலில் நூதனசாலை போன்ற குளிரூட்டப்பட்ட இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மஃரிபுக்குப் பிறகே மீண்டும் வெளியே இறங்குங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் பிள்ளைக்கு அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். பயணப் பையில் நாலைந்து ஜீவனி பைக்கற்றுகள் இருக்கட்டும். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்து, விசிறுங்கள். பிள்ளையின் உடல் கொதித்து, பேச்சுத் தடுமாறினால் தாமதிக்காது வைத்தியசாலைக்கு விரையுங்கள். அது உயிருக்கு ஆபத்தான நிலை. "ஐந்து நிமிடம்தானே" என்று பிள்ளையை வாகனத்துக்குள் பூட்டிவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். சில நிமிடங்களிலேயே அவ்வாகனம் சூளையாகிவிடும்.

கடும் வெப்பத்தில் லுஹர்த் தொழுகையைச் சற்றுத் தணிந்த பின் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாகப் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. வணக்கத்திலேயே வெப்பத்துக்கு இத்தனை இரக்கம் காட்டிய மார்க்கம், உல்லாசத்துக்காகப் பிள்ளையை வெயிலில் வாட்டுவதை விரும்புமா?

ஐந்தாவது, தொழுகை. பயணத்தில் சுருக்கியும் சேர்த்தும் தொழ அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். ஆனால், போகும் நாளையும் திரும்பும் நாளையும் தவிர்த்து ஓரிடத்தில் முழுமையாக நான்கு நாட்கள் தங்குவதாக எண்ணியவர், அங்கு போய்ச் சேர்ந்ததும் முழுமையாகவே தொழ வேண்டும் என்பது நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. இரண்டு வாரம் தங்கப் போகிறவர் இதை மறந்துவிடக் கூடாது. இச்சட்டத்தைப் பிள்ளைகளுக்கு விமான நிலையத்திலேயே சொல்லிக் கொடுங்கள். மத்ரஸாவில் பாடமாகப் படித்ததை அவர்கள் நேரில் அனுபவிக்கும் தருணம் அது.

ஆறாவது, எதைக் காட்டுவது? பெரிய அங்காடிகளை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். தோஹாவில் 2008இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை நூதனசாலை கடலோரத்தில் நிற்கிறது. நம் முன்னோர் எழுதிய குர்ஆன் பிரதிகளையும், வானத்தை அளந்த கருவிகளையும் அங்கே பிள்ளைகள் காணலாம். கல்வி நகரத்தில் உள்ள பள்ளிவாசல் ஐந்து பெரும் தூண்களின் மீது நிற்கிறது. இஸ்லாத்தின் ஐந்து கடமைகளை அவை குறிக்கின்றன. ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட இது விளங்கும்.

கட்டாரின் முத்துக்குளிப்பு வரலாற்றையும் காட்டுங்கள். எண்ணெய் கிடைப்பதற்கு முன்னர் அந்நாட்டு மக்கள் மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கி வாழ்ந்தவர்கள். நம் மன்னார்க் கடலில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பகுதிகளில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், வளைகுடாவின் அரபுச் சுழியோடிகள் பிழைப்புத் தேடி இங்கே வந்தார்கள். 1905ஆம் ஆண்டின் பெரும் முத்துக்குளிப்பில் அவர்களும் மூழ்கினார்கள். அன்று அவர்கள் நம் கரைக்கு வந்தார்கள். இன்று நாம் அவர்கள் கரைக்குப் போகிறோம். காலத்தை மக்களிடையே மாறி மாறிச் சுழலவிடுகிறவன் அல்லாஹ். இதை அறிந்த பிள்ளை செல்வத்தைக் கண்டு மயங்காது. வறுமையைக் கண்டு இகழாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாப்பா வேலை செய்யும் இடத்தையும், முடியுமானால் அவர் உறங்கும் அறையையும் காட்டுங்கள். கட்டாரில் 2021 முதல் ஜூன் 1 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் வேலை வாங்குவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு அந்த வெயில் கொடியது. வாப்பாமார் இதையெல்லாம் தொலைபேசியில் சொல்வதில்லை. "நல்லா இருக்கேன் மகன்" என்றே சொல்வார்கள். இளைஞனே! உன் கையிலுள்ள விலையுயர்ந்த தொலைபேசியில் எத்தனை நாள் வியர்வை இருக்கிறது என்று கணக்குப் பார்த்திருக்கிறாயா?

அன்புக்குரியவர்களே! இத்தனையும் கேட்ட பின்னர், "எங்களுக்கு விமானத்தில் ஏற வசதியில்லையே" என்று ஏங்குகின்ற குடும்பங்களும் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகவே இந்தக் கடைசிப் பகுதி.

2009இல் போர் முடிந்த பின்னர் வாப்பா வெளிநாட்டு வாழ்வை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். 2013 பெப்ரவரியில் ஒருநாள், எங்கள் எல்லோரையும் ஒரு வானில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் புறப்பட்டார். எங்கே என்று கேட்டோம். "கடல் காட்ட ஏலாமப் போச்சு. குளம் காட்டுறேன்" என்றார். இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்றோம். நீர் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்திருந்தது. நாரைகள் கரையோரம் நின்றன. கட்டுக்குக் கீழே, துருசினால் பாய்ந்த நீர் வாய்க்கால் வழியே வயல்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தங்கை அப்போது திருமணமானவள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்கால் நீரில் கால் வைத்தபோது, வாப்பாவின் முகத்தில் நான் கண்ட சிரிப்பைத் தோஹாவில் ஒருநாளும் கண்டதில்லை.

"1990க்கு முன் இந்த வயல்களின் நெல்லைத்தான் நான் வாங்கி விற்றேன்" என்றார். இரணை என்றால் இரட்டை, மடு என்றால் ஆழமான நீர்நிலை என்று விளக்கினார். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய வேலை முடியச் சுமார் 20 ஆண்டுகள் சென்றன. வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம் அது. 20,000 ஏக்கருக்கும் மேற்பட்ட வயல்கள் அதை நம்பி இருக்கின்றன. கட்டாரில் ஓர் ஆறும் இல்லை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீற்றரைக்கூட எட்டுவதில்லை. குடிநீருக்காகக் கடல்நீரைப் பெருஞ்செலவில் உப்பகற்றுகிறார்கள். நமக்கோ அல்லாஹ் வானத்திலிருந்தே நன்னீரை இறக்குகிறான். உங்கள் நீர் பூமிக்குள் வற்றிப்போனால் ஓடும் நீரை யார் கொண்டுவருவார் என்ற பொருளில் சூறா முல்க் கேள்வி எழுப்பி முடிகிறது. இரணைமடுக் கட்டில் நின்று அந்தச் சூறாவை ஓதிக் காட்டுங்கள். பிள்ளையின் உள்ளத்தில் அது தங்கும்.

இதற்கும் திட்டம் தேவை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்கள் வன்னியின் மாரி. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது தாழ்நிலக் கிராமங்களில் வெள்ளம் பாய்ந்து பெருந்தொகையான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஆகவே மாரியில் குளத்தடிக்குச் சிறுவர்களைக் கொண்டு போகாதீர்கள். சோளகக் காற்று வீசும் ஆகஸ்டில் நீர் வற்றி, இங்கும் வெயில் கொளுத்தும். தை பிறந்து பங்குனி வரையிலான காலமே ஏற்றது. எக்காலத்திலும் ஆழம் தெரியாத நீரில் பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள். சாப்பாட்டுப் பொதிகளையும் பிளாஸ்டிக் போத்தல்களையும் குளத்தில் எறியாதீர்கள். அந்நீர் ஒரு விவசாயியின் பயிர். அருகிலே நம் இந்துச் சகோதரர்களின் கனகாம்பிகை அம்மன் ஆலயம் இருக்கிறது. அங்கு வருவோரின் அமைதிக்கு இடையூறின்றி நடந்துகொள்ளுங்கள். நாம் மீண்டும் அயலவராக வாழ வேண்டிய மண் இது. நம் பிள்ளைகளின் நடத்தையே அந்த அயலுறவின் முதல் வார்த்தை.

எனது வாப்பா 2019இல் வபாத்தானார். அவரைப் பற்றிப் பேசும்போது எங்கள் வீட்டில் எவரும் தோஹாவைச் சொல்வதில்லை; இரணைமடுவின் அந்த ஒரு மாலையைத்தான் சொல்கிறோம். கைவிட்டுப் போன காப்புகளைப் பற்றிக் கேட்டால், உம்மா இன்றும் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்.

வெளிநாட்டில் உழைக்கும் தகப்பன்மார்களே! பிரயாணம் வேதனையின் ஒரு பகுதி; அலுவல் முடிந்தவர் தம் குடும்பத்திடம் விரைந்து திரும்பட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளை உங்களிடம் அழைக்க முடிந்தால் நல்ல பருவத்தில் அழையுங்கள். முடியாவிட்டால் வெட்கப்படாதீர்கள், நீங்கள் வாருங்கள். அந்தப் பணத்தில் ஊரில் நீங்கள் தங்கும் நாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே! இன்றிரவு வாப்பா தொலைபேசியில் அழைத்தால், என்ன வாங்கி அனுப்புவீர்கள் என்று கேட்காதீர்கள். இன்று வெயில் எப்படி வாப்பா, சாப்பிட்டீர்களா வாப்பா என்று கேளுங்கள்.

பசியையும் அச்சத்தையும் வன்னி மண்ணின் மக்களைப் போல் அறிந்தவர் யார்? பசிக்கு உணவளித்து, அச்சத்துக்குப் பின் அபயமளித்த அந்த இரட்சகனை நம் மாரிப் பிரயாணத்திலும் கோடைப் பிரயாணத்திலும் மறவாதிருப்போமாக. பிரிந்திருக்கும் குடும்பங்களை அவன் ஒன்று சேர்த்து வைப்பானாக. பிரயாணத்தில் இருப்போரைப் பாதுகாத்து, நம்மை விட்டுச் சென்ற பெற்றோரின் கப்றுகளை விசாலமாக்குவானாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.